இசட் பிஞ்ச்: இன்னும் கொஞ்சம் அழுத்தினால் என்ன ஆகும்?

பல்லடத்தான்

வணக்கமுங்க. லேசர், டோகமாக் (எரிபொருளை வளையமாகக் காந்தப்புலத்தில் அடைக்கும் இயந்திரம்) இரண்டையும் விட்டுவிட்டு, மின்சாரத்தை மட்டும் வைத்து எரிபொருளை நசுக்கி அணுக்கரு இணைவு கொண்டுவரும் இசட் பிஞ்ச் ஆராய்ச்சி பற்றி ஒரு சந்தேகம்.

ஓர் உலோகக் குழலில் நீளவாக்கில் மின்னோட்டம் பாய்ச்சினால் சுற்றிலும் காந்தப்புலம் உண்டாகும். அந்தப் புலமே குழலை உள்நோக்கி அமுக்கும். இதுவரைக்கும் பிளஸ் டூ பாடம்தான். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 26 மெகாஆம்பியர், அதாவது 2.6 கோடி ஆம்பியர், 1 மி.மீ. ஆரமுள்ள குழலில் போனால் மேற்பரப்பில் புலம் 5,200 டெஸ்லா. அதன் அழுத்தம் சுமார் 10 கோடி வளிமண்டலம்! அதோடு நிற்கவில்லை. மின்னோட்டம் மாறாமல் ஆரம் பாதியானால் அழுத்தம் நாலு மடங்கு, கால்வாசியானால் பதினாறு மடங்கு. சுருங்கச் சுருங்கப் பிடி இறுகிக்கொண்டே போகிறது.

அப்படியென்றால் ஒரு தடவை சுருங்க ஆரம்பித்த குழல் புள்ளியாகும் வரை நிற்கக் கூடாதே? பிறகு ஏன் இத்தனை வருடமாக இழுத்துக்கொண்டிருக்கிறார்கள்? எங்கே போய் முட்டுகிறது? இயற்கை விதியா, செய்முறைக் கோளாறா? தெரிந்தவர்கள் சொல்லுங்க.


பிளாஸ்மாபித்தன் (கோவை)

நல்ல கேள்வி. உங்கள் கணக்கும் சரி. நீங்கள் எடுத்த 26 மெகாஆம்பியர் அமெரிக்காவில் ஆல்புகெர்க்கியில் சாண்டியா ஆய்வகத்தின் இசட் இயந்திரத்தின் உச்ச மின்னோட்டம். நடுவில் இருக்கும் விரல் நுனி அளவு குழலுக்காகச் சுற்றிலும் 33 மீட்டர் விட்டத்துக்குக் கட்டி வைத்திருக்கிறார்கள். 36 மார்க்ஸ் அடுக்குகள் (மின்னழுத்தத்தை ஏற்றிக் கொடுக்கும் கெப்பாசிட்டர் தொகுப்புகள்), ஒவ்வொன்றிலும் 60 கெப்பாசிட்டர். சேமிப்பது 22 மெகாஜூல், கொட்டுவது சுமார் 100 நானோ வினாடியில். ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு ஷாட்தான். சுட்ட பிறகு நடுப்பகுதி சின்னாபின்னமாகிவிடும், திரும்பக் கட்ட வேண்டும்.

இப்போது உங்கள் கேள்வி. வெளியிலிருந்து அழுத்தும் புலத்தின் அழுத்தம் ஆரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் ஏறுகிறது, சரி. உள்ளே இருக்கும் எரிபொருள் வாயு என்ன செய்கிறது என்று பாருங்கள். வெப்பம் வெளியே கசியாமல் அமுக்கினால் வாயுவின் அழுத்தம் கன அளவின் 5/3 படிக்கு எதிர்விகிதத்தில் ஏறும். குழலுக்கு கன அளவு ஆரத்தின் வர்க்கம். ஆக உள் அழுத்தம் ஆரத்தின் 10/3 படிக்கு எதிர்விகிதம். வெளியே 2, உள்ளே 3.33. ஆரம்பத்தில் வெளி அழுத்தம் எவ்வளவு முந்தியிருந்தாலும் ஏதோ ஓர் ஆரத்தில் உள் அழுத்தம் அதைப் பிடித்துவிடும். உள்ளே அச்சுவாக்கில் ஒரு காந்தப்புலமும் மாட்டியிருந்தால் அதன் அழுத்தம் ஆரத்தின் 4ஆம் படிக்கு எதிர்விகிதத்தில் ஏறும். அது இன்னும் வேகம்.

ஆகவே நிற்காமல் சுருங்குவது நடக்காது. முதல் முட்டு அங்கேதான். ஆனால் நிஜச் சோதனைகளைத் தடுப்பது இந்த முட்டு இல்லை. அதற்கு ரொம்ப முன்னாலேயே வேறு விஷயம் கெடுத்துவிடுகிறது.


பல்லடத்தான்

பித்தன் அண்ணா, அந்த இடத்தில் வெளி அழுத்தமும் உள் அழுத்தமும் சமமாகி அப்படியே நின்றுவிடுமா?


பிளாஸ்மாபித்தன் (கோவை)

நிற்காது. குழலுக்கு எடை இருக்கிறது, வேகமும் இருக்கிறது. இசட்டில் செய்யும் மேக்லிஃப் என்ற முறையில் (எரிபொருளில் காந்தப்புலம் போட்டு, லேசரால் முன்சூடு கொடுத்துக் குழலால் நசுக்குவது) பெரிலியம் குழல் எடை சுமார் 100 மில்லிகிராம், வேகம் வினாடிக்கு 70 கி.மீ. பக்கம். கணக்குப் போட்டால் இயக்க ஆற்றல் 250 கிலோஜூல். சமநிலையைத் தாண்டியும் அந்த உந்தத்திலேயே உள்ளே போகும். கடைசியில் எரிபொருளில் கிடைக்கும் அழுத்தம் 100 கோடி வளிமண்டலத்தை ஒட்டி வரும், நீங்கள் மேலே போட்டதைப் போலப் பத்து மடங்கு. புலம் குழலை முடுக்குகிறது, குழல் எரிபொருளை நசுக்குகிறது. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்தால் குழப்பம்தான் வரும்.


சும்மாபார்ப்பவன்

22 மெகாஜூல் என்றால் 6 யூனிட் கரண்ட் சாமி. எங்க வீட்டு ஏசி ஒரு ராத்திரியில் அதற்கு மேல் இழுக்கும். அதுக்கா இத்தனை கெப்பாசிட்டர்?


பிளாஸ்மாபித்தன் (கோவை)

6 யூனிட்தான். அதை ஒரு ராத்திரியில் இழுப்பதற்கும் ஒரு வினாடியின் கோடியில் ஒரு பங்கில் இழுப்பதற்கும் உள்ள வித்தியாசத்துக்குத்தான் அத்தனை கெப்பாசிட்டர். அந்த நொடியில் ஓடும் மின் திறன் 80 டெராவாட் அளவு.


அமுதினி (ஈரோடு)

எம்.எஸ்சி. பிராஜெக்டுக்காக இதைப் படித்துக்கொண்டிருப்பதால் நானும் நுழைகிறேன். "எவ்வளவு அழுத்த முடியும்" என்று கேட்பதற்கு முன்னால் "எவ்வளவு அழுத்த வேண்டும்" என்று பார்த்தால் விஷயம் சட்டென்று விளங்கும்.

இணைவு ஓரளவு நடக்க 6 கோடி டிகிரி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அறை வெப்பநிலை 300 கெல்வினில் ஆரம்பிக்கிறோம். 2 லட்சம் மடங்கு ஏற வேண்டும். குழல் வடிவச் சுருக்கத்தில் வெப்பநிலை, சுருக்க விகிதத்தின் 4/3 படியில் ஏறும் (ஆரம்ப ஆரத்தைக் கடைசி ஆரத்தால் வகுத்தால் சுருக்க விகிதம்). திருப்பிப் போட்டால் சுருக்க விகிதம் கிட்டத்தட்ட 9,500 வேண்டும். மேக்லிஃப் குழலின் உள் ஆரம் 2.3 மி.மீ. அதை 9,500ஆல் வகுத்தால் கால் மைக்ரான்! ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறியது. அந்த அளவுக்கு ஒரு உலோகக் குழலை வட்டம் கெடாமல் சுருக்க யாராலும் முடியாது.

இதே எரிபொருளை முதலிலேயே 30 லட்சம் டிகிரிக்குச் சூடாக்கிவிட்டு நசுக்கினால்? 20 மடங்கு ஏறினால் போதும். சுருக்க விகிதம் 9.5. வெப்பம் கசிவதால் நிஜத்தில் 25, 30 வேண்டியிருக்கும், ஆனாலும் 9,500 எங்கே, 30 எங்கே. அதனால்தான் மேக்லிஃபில் பச்சை நிற லேசரை மேல் பக்கத்துச் சன்னல் வழியாக விட்டு முன்சூடு கொடுக்கிறார்கள். 2 கிலோஜூல் லேசர். ஆரம்பச் சோதனைகளில் அதில் பாதிகூட எரிபொருளில் இறங்கவில்லை, சன்னல் படலத்திலேயே நிறையப் போய்விட்டது.

முன்சூட்டுக்கும் விலை உண்டு. சூடான வாயு முதலிலிருந்தே எதிர்த்துத் தள்ளும், கடைசி அடர்த்தி குறையும். அதிர்வலை ஒன்றை விட்டு ஒரே அடியாக அடர்த்தியை ஏற்றலாமே என்றால், எத்தனை பலமான அதிர்வலையாக இருந்தாலும் ஒற்றை அலையில் ஓரணு இலட்சிய வாயுவின் அடர்த்தி 4 மடங்குக்கு மேல் ஏறாது. மிச்சம் வெப்பமாகத்தான் போகும்.


லேத்துக்காரர் (கணபதி)

தம்பிகளா, அம்மணி, பிசிக்ஸ் நமக்குத் தெரியாது. ஜாப் ஒர்க் பட்டறை வைத்திருக்கிறேன், பம்ப் பார்ட்ஸ், புஷ், ஸ்லீவ் எல்லாம் ஓட்டுகிறோம். நீங்கள் "வட்டம் கெடாமல்" என்று சொன்னதைப் படித்ததும் ஒன்று கேட்கத் தோன்றியது. சுவர் மெல்லிசான புஷ்ஷை மூன்று தாடைச் சக்கில் வைத்துக் கொஞ்சம் அதிகமாக இறுக்கினால் போதும், போர் முடித்துக் கழற்றும்போது மூன்று மூலையாக நிற்கும். டயலில் பார்த்தால் தெரியும். பிடிக்கிற இடத்தில் மட்டும் அழுத்தம் விழுவதால் வரும் கோளாறு அது. உங்கள் குழலைச் சுற்றிலும் காந்தம் ஒரே சீராகப் பிடிக்கிறது என்று வைத்தாலும், குழலே ஒரு பக்கம் கனமாகவோ மெலிசாகவோ இருந்தால் என்ன ஆகும்? எத்தனை மைக்ரானுக்குத் திருப்புகிறார்கள்? என்ன பினிஷ்?


பிளாஸ்மாபித்தன் (கோவை)

அண்ணா, நான் முதலில் "வேறு விஷயம் கெடுத்துவிடுகிறது" என்று சொன்னது இதைத்தான்.

2.3 மி.மீ. ஆரத்திலிருந்து 30 மடங்கு சுருங்கினால் கடைசி ஆரம் 77 மைக்ரான். ஒரு பக்கத்துச் சுவர் எதிர்ப்பக்கத்தைவிட 1 சதவீதம் வேகமாக வந்தால், 2.3 மி.மீ. ஓட்டத்தில் 23 மைக்ரான் முந்திவிடும். கடைசி ஆரத்தில் அது 30 சதவீதம். ஆரம்பத்தில் 1 சதவீதக் கோளாறு, முடிவில் 30 சதவீதம். சுருக்க விகிதம் எத்தனையோ, கோளாறும் அத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும். விகிதத்தை 100க்குக் கொண்டுபோனால் அதே 1 சதவீதத்தில் குழல் முழுக்கக் கோணிக்கொண்டு, எதிர்ச்சுவரோடு மோதிக்கொள்ளும்.

இது வெறும் வடிவியல். இதற்கு மேல் இயற்கை தன் பங்குக்கு ஒன்று சேர்க்கிறது. எடையில்லாத காந்தப்புலம் கனமான உலோகத்தை முடுக்கும்போது பரப்பில் இருக்கும் சின்ன மேடுபள்ளம் அடுக்குப்பெருக்காக வளரும். காந்த ரேலி-டெய்லர் நிலையின்மை என்பார்கள். பள்ளத்தில் உலோகம் குறைவு, ஆகவே அது வேகமாக உள்ளே போகும், புலம் இன்னும் உள்ளே நுழையும், பள்ளம் இன்னும் ஆழமாகும்.

சீரான முடுக்கம் என்று வைத்துக் கணக்குப் போட்டால் வேடிக்கையான ஒரு விடை வரும். வளர்ச்சி எத்தனை மடங்கு என்பது வேகத்தையோ நேரத்தையோ பொறுத்ததில்லை. குழல் எத்தனை தூரம் ஓடியது, மேடுபள்ளத்தின் அலைநீளம் எவ்வளவு, இந்த இரண்டின் விகிதம் மட்டும்தான். "இன்னும் வேகமாக அழுத்தினால் நிலையின்மைக்கு நேரம் கிடைக்காது" என்று நிறையப் பேர் நினைப்பார்கள். வேகமாக அழுத்தினால் முடுக்கமும் ஏறுகிறது, வளர்ச்சியும் அதே அளவுக்கு வேகமாகிறது. நேரத்தில் மிச்சம் பிடித்ததை அது தின்றுவிடும்.

2.3 மி.மீ. தூரம், 0.4 மி.மீ. அலைநீளம் எடுத்தால் வளர்ச்சி சுமார் 5,000 மடங்கு. 0.1 மைக்ரான் மேடு அரை மில்லிமீட்டர் ஆகிவிடும். குழலின் சுவர் கனமே 0.46 மி.மீ.தான்! (நிஜத்தில் மேடு பெரிதானதும் வளர்ச்சி தளரும், இந்த எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். ஆனால் பயம் எங்கிருந்து வருகிறது என்று தெரிகிறதல்லவா.)


அமுதினி (ஈரோடு)

சுவர் கனம் ஏன் 0.46 என்பதும் இதிலேயே அடங்கும் அண்ணா. வெளிப்பரப்பில் வளரும் அலை உள்பரப்புக்கு இறங்கும்போது தேயும். 0.4 மி.மீ. அலை 0.46 மி.மீ. சுவரைத் தாண்டும்போது ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். 1.5 மி.மீ. அலையோ 15 சதவீதம் உள்ளே வந்துவிடும். குட்டை அலை வேகமாக வளரும், உள்ளே எட்டாது. நெட்டை அலை மெதுவாக வளரும், ஆனால் எட்டிவிடும்.

சுவரை இன்னும் தடிமனாக்கினால் இரண்டும் அடங்கும், ஆனால் எடை ஏறி வேகம் போய்விடும். மெலிசாக்கினால் வேகம் வரும், வழியிலேயே பிய்ந்துவிடும். வெளி ஆரத்துக்கும் சுவர் கனத்துக்கும் உள்ள விகிதம் 6 என்று வைத்து ஓட்டுவது அந்தப் பேரத்தில் வந்து நின்ற இடம். இதையெல்லாம் விட்டுவிட்டு அழுத்தத்தை மட்டும் பேசினால் பல்லடத்தான் அண்ணா கேட்டதற்கு விடையே வராது.


லேத்துக்காரர் (கணபதி)

அப்படியானால் மிரர் பினிஷ் போட்டுவிட்டால் தீர்ந்தது அல்லவா? வைர முனை டூல் போட்டால் பரப்பு 0.1 மைக்ரானுக்குக் கீழே வருமே.


பிளாஸ்மாபித்தன் (கோவை)

அப்படித்தான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். வைர முனையில் திருப்பிய குழலைத்தான் போடுகிறார்கள். ஆனால் பரப்பை எவ்வளவு வழவழப்பாக்கினாலும் எக்ஸ்-ரே படத்தில் மேடுபள்ளம் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாகவே வந்தது. விதை வேறு இடத்திலிருந்து விழுகிறது. உலோகத்தில் ஓர் இடம் கொஞ்சம் கூடுதலாகச் சூடானால் அங்கே மின்தடை ஏறும். தடை ஏறினால் அங்கே இன்னும் வெப்பம். குழல் அசைய ஆரம்பிப்பதற்கு முன்பே இப்படி வளையம் வளையமாகச் சூடான பட்டைகள் உருவாகி, உருகி ஆவியாகும்போது மேடுபள்ளமாக மாறுகின்றன. மின்வெப்ப நிலையின்மை என்று பெயர். உலோகத்தின் உள்ளிருக்கும் மாசுத் துணுக்கு, கலவைச் சீர்கேடு, எல்லாம் இதற்குத் தீனி.

மருந்து என்ன தெரியுமா? குழலின் மேல் சில பத்து மைக்ரான் பிளாஸ்டிக் பூச்சு. மின்சாரம் பூச்சில் ஓடாது, உலோகத்தில்தான் ஓடும். ஆவியாகத் துடிக்கும் உலோகத்தைப் பூச்சு தன் எடையால் அமுக்கிப் பிடிப்பதால் அந்தப் பட்டைகள் விரிந்து மேடுபள்ளமாவது குறைகிறது. பூச்சுப் போட்ட குழல்கள் படத்தில் கண்ணுக்குத் தெரியுமளவு நேராக வந்தன.


லேத்துக்காரர் (கணபதி)

ஏனுங்க, பெரிலியம்தான் வேண்டுமா? அலுமினியம், செம்பு ஆகாதா? பெரிலியம் தூசு நுரையீரலுக்கு ஆகாது என்று கேள்வி, எங்கள் ஷெட்டில் அதைத் தொடக்கூட மாட்டோம்.


பிளாஸ்மாபித்தன் (கோவை)

தொடாமல் இருப்பதே நல்லது அண்ணா. பெரிலியம் லேசானது, ஒரே எடைக்குச் சுவரைத் தடிமனாக வைக்கலாம். எக்ஸ்-ரே அதற்குள் ஓரளவு ஊடுருவிப் போகும், ஆகவே நசுங்கும்போது உள்பரப்பைப் படம் பிடிக்கலாம். இன்னொன்று, சுவரிலிருந்து கொஞ்சம் உலோகம் எரிபொருளில் கலந்தே தீரும். அயனி ஒன்றுக்கு வெளியேறும் கதிர்வீச்சு அணு எண்ணின் வர்க்கத்தையும் தாண்டி ஏறும் என்பதால் செம்பு (29) கலந்தால் எரிபொருள் நொடியில் ஆறிவிடும். பெரிலியத்துக்கு அணு எண் 4.


நிர்வாகி

மின்கட்டணம், இலவச யூனிட் பற்றிய பதிவுகள் வேறு இழைக்கு மாற்றப்பட்டன. அங்கே போய் அடித்துக்கொள்ளுங்கள்.


கோபி வாத்தியார்

ஓய்வு பெற்ற பிசிக்ஸ் ஆசிரியன். இந்தக் கதை ரொம்பப் பழசு தம்பி. மின்னோட்டம் தன் புலத்தாலேயே பிளாஸ்மாவை (அயனியாகிவிட்ட சூடான வாயுவை) கட்டிப்பிடிக்கும் என்று பென்னெட் 1934இலேயே சமநிலைக் கணக்கு எழுதிவிட்டார். 1957இல் பீஸ் ஒரு பக்கமும் சோவியத்தில் பிராகின்ஸ்கி ஒரு பக்கமும் இன்னொன்று காட்டினார்கள். ஹைட்ரஜன் பிளாஸ்மாவில் மின்னோட்டம் சுமார் 1.5 மெகாஆம்பியரைத் தாண்டினால் மின்தடையால் வரும் வெப்பத்தைவிடக் கதிர்வீச்சாகப் போகும் வெப்பம் அதிகம். அப்போது பிளாஸ்மா ஆறிக்கொண்டே உள்நோக்கிச் சரியும். பல்லடத்தான் தம்பி கேட்ட "நிற்காத சுருக்கம்" காகிதத்தில் அங்கே இருக்கிறது. ஆனால் நேரான பிளாஸ்மாத் தண்டு அது வரைக்கும் பொறுத்துக்கொள்வதில்லை. இடையிடையே கழுத்துப் பிடித்தாற்போல் நெரிந்துவிடும், இல்லாவிட்டால் பாம்பாக நெளிந்துவிடும்.

இன்னொரு எச்சரிக்கை. இணைவு நடந்ததற்கு அடையாளமான நியூட்ரான் வந்துவிட்டது என்று யாராவது சொன்னால் உடனே கை தட்டாதீர்கள். இங்கிலாந்தில் ஹார்வெல்லில் ஜீட்டா இயந்திரத்தில் நியூட்ரான் வந்ததை 1958 ஜனவரியில் பெரிய செய்தியாக அறிவித்தார்கள். சில மாதத்தில் அது வெப்பத்தால் வந்ததில்லை என்று தெரிந்துபோயிற்று. நிலையின்மையில் பிளாஸ்மா நெரியும்போது பெரும் மின்னழுத்தம் உண்டாகி, சில அயனிகள் மட்டும் தறிகெட்டு ஓடி மோதினாலும் நியூட்ரான் வரும். அழுத்தம் தோற்றுப்போன இடத்தில்தான் அந்த நியூட்ரான் பிறக்கிறது என்பதை மாணவர்களிடம் சொல்லும்போதெல்லாம் எனக்கே சிரிப்பு வரும்.


பல்லடத்தான்

வாத்தியாரய்யா, அப்படியானால் மேக்லிஃபில் வந்தது நிஜம் என்று எப்படி நம்புவது? அப்புறம் பித்தன் அண்ணா சொன்ன அச்சுவாக்குப் புலம். அதுவும் உள்ளிருந்து எதிர்த்துத் தள்ளும் என்றால், அதை ஏன் வேண்டுமென்றே போடுகிறார்கள்?


பிளாஸ்மாபித்தன் (கோவை)

இரண்டு கேள்விக்கும் ஒரே இடத்தில் விடை இருக்கிறது, கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

ஆரம்பத்தில் 10 டெஸ்லா புலம் கொடுக்கிறார்கள். குழல் நல்ல கடத்தி, புலம் வெளியே தப்ப நேரமில்லை. ஆரம் 30 மடங்கு சுருங்கினால் பரப்பு 900 மடங்கு சுருங்கும், புலம் 9,000 டெஸ்லா ஆகும் (கசிவை விட்டுவிட்டால்). அதன் எதிர் அழுத்தம் 32 கோடி வளிமண்டலம். எரிபொருளின் அழுத்தமே 100 கோடியை ஒட்டித்தான் என்பதால் இது சின்ன வாடகை இல்லை. அப்படியும் ஏன் கொடுக்கிறோம்? சூடான எரிபொருளும் குளிர்ந்த உலோகச் சுவரும் அக்கம் பக்கம் இருக்கின்றன. எலெக்ட்ரான்கள் வெப்பத்தைச் சுவருக்குக் கடத்திவிடும். 100 நானோ வினாடிகூட அதற்கு ஏராளம். அச்சுவாக்குப் புலம் இருந்தால் எலெக்ட்ரான்கள் அதைச் சுற்றிச் சுழன்றுகொண்டு சுவர்ப் பக்கம் போகத் திணறும். முன்சூடு வீணாகாமல் இருப்பது இதனால்தான்.

அடுத்தது, இணைவில் பிறக்கும் ஆல்பா துகள், அதாவது ஹீலியம் கரு. அது எரிபொருளிலேயே தங்கித் தன் ஆற்றலைக் கொடுத்தால்தான் எரிதல் தன்னால் தொடரும். லேசர் முறையில் எரிபொருளின் அடர்த்தியே ஆல்பாவை நிறுத்தும். அதற்கு அடர்த்தியையும் ஆரத்தையும் பெருக்கினால் சதுர செ.மீ.க்கு 0.3 கிராம் பக்கம் வேண்டும். மேக்லிஃபில் கிடைப்பது அதில் நூற்றில் ஒரு பங்கு அளவுதான். அடர்த்தியால் நிறுத்த முடியாது. புலத்தால் வளைத்துப் பிடிக்க வேண்டும். 9,000 டெஸ்லாவில் ஆல்பாவின் வளைவு ஆரம் 30 மைக்ரான். எரிபொருள் ஆரம் 77. உள்ளேயே சுற்றும்.

இதைச் சோதித்த விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். சோதனைகளில் பெரும்பாலும் வெறும் டியூட்டீரியம் (கன ஹைட்ரஜன்)தான் போடுகிறார்கள், ஆல்பாவே கிடையாது. ஆனால் டியூட்டீரியம் இணையும்போது பாதித் தடவை 1 மெகா எலெக்ட்ரான்வோல்ட் ஆற்றலோடு ஒரு ட்ரிட்டியம் (இன்னும் கனமான ஹைட்ரஜன்) அயனி பிறக்கும். அதன் உந்தத்தையும் மின்னேற்றத்தையும் போட்டுப் பார்த்தால் வளைவு ஆரம் ஆல்பாவோடு கிட்டத்தட்ட ஒன்று. அந்த ட்ரிட்டியம் எரிபொருளில் மாட்டிக்கொண்டு சுற்றினால் இன்னொரு டியூட்டீரியத்தோடு மோதி 14 மெகா எலெக்ட்ரான்வோல்ட் நியூட்ரானைத் தரும். மாட்டாவிட்டால் வெளியே ஓடிவிடும், அந்த நியூட்ரான் வராது. 2014இல் வெளியான முதல் முடிவுகளில் சாதாரண நியூட்ரான் 2 லட்சம் கோடி, இந்த இரண்டாம் தலைமுறை நியூட்ரான் அதில் நூற்றில் ஒரு பங்கு அளவில். புலம் இல்லாமல் அத்தனை வர வழியே இல்லை. ஆகவே வாத்தியாரய்யா பயப்படுகிற ஜீட்டா மாதிரி இல்லை. நியூட்ரான்களின் ஆற்றல் பரவலும் சுமார் 3 கோடி டிகிரி வெப்பநிலையோடு ஒத்துப்போயிற்று.


சும்மாபார்ப்பவன்

நியூட்ரான் எண்ணிக்கை இருக்கட்டும். ஜூலில் எவ்வளவு? அதைச் சொல்லவே மாட்டேன் என்கிறீர்கள்.


அமுதினி (ஈரோடு)

சொல்கிறேன். பிந்தைய நல்ல ஷாட்டில் 10 லட்சம் கோடி நியூட்ரான். இணைவு ஆற்றல் சுமார் 12 ஜூல். டியூட்டீரியத்துக்குப் பதில் பாதி ட்ரிட்டியம் கலந்திருந்தால் அதே நிலையில் 2 கிலோஜூல் வந்திருக்கும் என்பது கணிப்பு. 22 மெகாஜூலுக்கு 2 கிலோஜூல், பத்தாயிரத்தில் ஒரு பங்கு. லேசர் பக்கம் 2022 டிசம்பரில் அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வகத்தில் 2.05 மெகாஜூல் ஒளியை விட்டு 3.15 மெகாஜூல் எடுத்துவிட்டார்கள். அந்த ஒளியை உண்டாக்க இழுத்த கரண்டைச் சேர்த்தால் அதுவும் நஷ்டக் கணக்குதான், ஆனாலும் இந்தப் பக்கம் இன்னும் அத்தனை தூரம் வரவில்லை.


எச்டி லைன் (பெருந்துறை)

மின்னோட்டத்தை ஏற்றினால் தீராதா? இசட்டில் 26. இரண்டு மடங்கு, மூன்று மடங்கு போட வேண்டியதுதானே. கெப்பாசிட்டர் வாங்கி அடுக்கினால் ஆச்சு. நாங்கள் சப்ஸ்டேஷனில் பேங்க் பேங்க்காகப் போடுகிறோம்.


பிளாஸ்மாபித்தன் (கோவை)

கெப்பாசிட்டர் அடுக்கலாம். அதிலிருந்து குழல் வரைக்கும் கொண்டுவருவதுதான் பாடு.

உங்களுக்குப் பிடிபடும் விதத்திலேயே சொல்கிறேன். குழல் சுருங்கும்போது சுற்றின் தூண்டல் (இண்டக்டன்ஸ்) ஏறுகிறது. தூண்டல் ஏறும் வீதம் மின்தடை மாதிரியே நடந்துகொள்ளும். 1 செ.மீ. உயரக் குழல், அரை மி.மீ. ஆரம், வினாடிக்கு 70 கி.மீ. வேகம் என்று போட்டால் 0.28 ஓம். சின்ன எண்தான். 20 மெகாஆம்பியரால் பெருக்குங்கள். 56 லட்சம் வோல்ட்! குழல் தன் வேகத்தாலேயே அத்தனை மின்னழுத்தத்தை எதிர்த்திசையில் உண்டாக்குகிறது. கடைசி நொடியில், பிடி இறுக வேண்டிய நேரத்தில், மின்னோட்டம் சரியப் பார்க்கும். பல்லடத்தான் "மின்னோட்டம் மாறாமல்" என்று எடுத்துக்கொண்டது அங்கேயே அடிபடுகிறது.

அந்த மின்னழுத்தம் எங்கே விழும்? வெற்றிடத்தில் சில மில்லிமீட்டர் இடைவெளியில் எதிரெதிரே நிற்கும் உலோகத் தட்டுகளுக்கு நடுவே. எந்தக் காப்புப் பொருளும் அங்கே தாங்காது. எலெக்ட்ரான்கள் தட்டிலிருந்து பிய்ந்து வரும், ஆனால் அங்கே ஓடும் மின்னோட்டத்தின் காந்தப்புலமே அவற்றை வளைத்துத் திருப்பி அனுப்பிவிடும். மின்னோட்டத்தைக் கொண்டுவரும் நாலு தட்டடுக்கும் ஒன்றாகச் சேரும் சந்திப்பில் மட்டும் சில புள்ளிகளில் புலம் பூஜ்யமாகும். அங்கே எலெக்ட்ரான்கள் ஒழுகும். போதாக்குறைக்கு, தட்டுகளின் மேற்பரப்பு சூடாகி ஒட்டியிருந்த ஈரமும் வாயுவும் பிளாஸ்மாவாகி இடைவெளியை மூடிவிடும். இசட்டிலேயே சில மெகாஆம்பியர் இப்படி வழியில் போகிறது. 60 மெகாஆம்பியரில் அந்த ஒழுக்கு எப்படி இருக்கும் என்பதுதான் பெரிய இயந்திரம் கட்டுகிறவர்களின் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்வி என்பது என் அபிப்பிராயம். குழலைவிட நான் இதற்குத்தான் அதிகம் பயப்படுவேன்.


அமுதினி (ஈரோடு)

எனக்கு அதில் உடன்பாடில்லை அண்ணா. பெரிய இயந்திரத்தின் யோசனையே சுருக்க விகிதத்தை ஏற்றாமல் இருப்பதுதான். சாண்டியாவில் 48 மெகாஆம்பியர், 65 மெகாஆம்பியர் என்று இரண்டு வடிவமைப்பு 2015இலேயே போட்டு வைத்தார்கள். குழலை எல்லாப் பக்கமும் சேர்த்துப் பெரிதாக்கி, சுவர் விகிதத்தையும் சுருக்க விகிதத்தையும் ஏறக்குறைய அப்படியே வைத்து, கூடுதல் மின்னோட்டத்தால் அழுத்தத்தை மட்டும் ஏற்றுவது. இசட்டில் தாங்கிய வட்டம் அங்கேயும் தாங்கும் என்று எதிர்பார்க்கிறார்கள். இப்போது பசிஃபிக் ஃப்யூஷன் போன்ற தனியார் நிறுவனங்கள் 60 மெகாஆம்பியர் பக்கம் போவதும் இதை நம்பித்தான். ஆனால் முன்சூட்டு லேசரும் பல மடங்கு பெரிதாக வேண்டும். அந்தக் கூடுதல் ஆற்றல் சன்னல் படலத்தையும் சுவரையும் கரைத்துக் கலக்காமல் எரிபொருளில் இறங்குமா? எனக்கு அங்கேதான் சந்தேகம். ஒழுக்கைப் பொறியாளர்கள் பார்த்துக்கொள்வார்கள். கலப்படம் ஏறினால் சுருக்கத்தில் கிடைத்த வெப்பம் எக்ஸ்-ரேயாகப் போய்விடும்.

சுருங்கி நிற்கும் கடைசிக் கட்டத்தில் வேறொரு நிலையின்மையும் இருக்கிறது. அப்போது லேசான எரிபொருள் கனமான சுவரைத் தடுத்து நிறுத்துகிறது, ஆகவே மேடுபள்ளம் இந்தத் தடவை உள்பரப்பில் வளரும். படங்களில் எரிபொருள் நேர்த் தண்டாக இல்லாமல் லேசாகத் திருகிய நூல் மாதிரி தெரிவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.


பிளாஸ்மாபித்தன் (கோவை)

கலப்படம் பற்றிச் சொன்னது சரிதான். ஒழுக்கைப் பொறியாளர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்பதை மட்டும் எழுதி வைத்துக்கொள்கிறேன், 60 மெகாஆம்பியர் ஓடின பிறகு பேசலாம்.


கோபி வாத்தியார்

குழலே வேண்டாம் என்று போகிறவர்களும் இருக்கிறார்கள் அம்மணி. அமெரிக்காவில் ஜாப் எனர்ஜி, பிளாஸ்மாவை அச்சுவாக்கில் ஓடவிட்டு, நடுவில் ஒரு வேகம், ஓரத்தில் ஒரு வேகம் என்று வைத்து நெளிவை அடக்கப் பார்க்கிறார்கள். மெதுவான வழி, ஆனால் ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரு குழலைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. நம் நாட்டில் காந்திநகரில் ஆதித்யா 1989இலிருந்து இருக்கிறது, அது டோகமாக். துடிப்பு மின்சாரத்தில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் காளி-5000 இருந்தாலும் அது எலெக்ட்ரான் கற்றைக்கானது. குழல் நசுக்குகிற அளவுக்கு மெகாஆம்பியர் வேறு ரகம்.


பல்லடத்தான்

அண்ணா, அம்மணி, இருவர் சண்டையிலேயே எனக்குப் பாதி விளங்கிவிட்டது. ஒரே ஒரு கேள்வி மிச்சம். அந்த ரேலி-டெய்லர் மேடுபள்ளத்தை அடக்கப் பூச்சு தவிர வேறு வழியே இல்லையா?


பிளாஸ்மாபித்தன் (கோவை)

ஒன்று இருக்கிறது, அழகான யோசனை. மேடுபள்ளம் புலக்கோடுகளின் திசையில் வரி வரியாகத்தான் நன்றாக வளரும். வழக்கமான அமைப்பில் புலம் எப்போதும் குழலைச் சுற்றியே இருப்பதால், முதலில் விழுந்த வரி கடைசி வரை அதே திசையில் வளர்ந்துகொண்டே போகும். இப்போது குழலைச் சுற்றி நிற்கும், மின்னோட்டம் திரும்பிப் போகும் கம்பங்களை நேராக வைக்காமல் திருகி வையுங்கள். மின்னோட்டம் திருகலாகத் திரும்பும், குழலின் மேல் அச்சுவாக்குப் புலமும் சேர்ந்து விழும். குழல் சுருங்கும்போது சுற்றுப் புலம் ஏறும், அச்சுவாக்குப் புலம் அத்தனை ஏறாது. ஆகவே மொத்தப் புலத்தின் சாய்வு நேரத்துக்கு நேரம் மாறும். ஒரு திசையில் வளர ஆரம்பித்த வரிக்கு அடுத்த நொடியில் அந்தத் திசை இருக்காது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் சிறிய இயந்திரத்தில் மெல்லிய தகட்டுக் குழலில் செய்து பார்த்தார்கள், மேடுபள்ளம் நன்றாகவே குறைந்தது. செலவு என்னவென்றால், திருகிய பாதையில் தூண்டல் கொஞ்சம் கூடும், எச்டி லைன் அண்ணன் கேட்ட மின்னோட்டத்தில் அது பிடித்தம்.


லேத்துக்காரர் (கணபதி)

இது நம்ம வேலை! குழலை விடுங்கள், அந்தக் கம்பக் கூட்டை விஎம்சியில் (கம்ப்யூட்டர் மில்லிங் மெஷினில்) நாலாவது ஆக்சிஸ் மாட்டி ஒரே பீஸில் வெட்டிவிடலாம். ஒரு கம்பம் எத்தனை டிகிரி சாய்வு, எத்தனை கம்பம், சுவர் கனம் எவ்வளவு என்று மட்டும் அம்மணி சொல்லட்டும். பிராஜெக்டுக்கு மாடல் வேண்டுமென்றால் பித்தளையில் போட்டுத் தருகிறேன், மெட்டீரியல் காசு மட்டும் போதும்.


அமுதினி (ஈரோடு)

அண்ணா, நிஜமாகவா? வரைபடம் போட்டுத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். கம்பத்துக்குக் கம்பம் இடைவெளி 2 மி.மீ. வந்தால் உங்கள் கட்டர் நுழையுமா என்று மட்டும் முதலில் சொல்லிவிடுங்கள்.


லேத்துக்காரர் (கணபதி)

1.5 மி.மீ. எண்ட் மில் இருக்கிறது. ஆழம் 6 மி.மீ.க்கு மேல் கேட்காதீர்கள், முறிந்துவிடும்.